அப்பாவின் ரைபிள் கட்டைக்கு லின்சீட் ஆயில்: ஐந்து மழைக்காலம் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

பொருள் என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹார்டுவேர் கடையில் டின்னில் கிடைக்கும் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில், அதாவது ஆளி விதை எண்ணெய், ஒரு லிட்டர். கூடவே டர்பன்டைன், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய தேன்மெழுகு, உப்புத்தாள். எல்லாமே காரைக்குடியில் வாங்கியவை. 2020இல் வாங்கும்போது மொத்தமும் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. டின்னில் இன்னும் எண்ணெய் மிச்சம் இருக்கிறது. துப்பாக்கிக் கட்டைக்கு இது போதுமா, நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாங்குமா என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன். தாங்கும். ஆனால் எங்கே தடவுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் தாங்கும்.

துப்பாக்கி அப்பாவுடையது. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த பிறகு, கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல் இருந்தார். அப்போது வாங்கிய .315 ஸ்போர்ட்டிங் ரைபிள், இச்சாபூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்தது. .303 ராணுவத் தோட்டா என்பதால் அது பொதுமக்கள் கைக்கு வராது. அதே லீ என்ஃபீல்டு (பிரிட்டிஷ் ராணுவ ரைபிள்) அமைப்பில், .315 தோட்டாவுக்காகச் செய்ததுதான் இது. கட்டை ஒரே மரமாக இருக்காது. தோளில் பதிக்கிற பின்கட்டை ஒன்று, குழலுக்கு அடியில் ஓடும் முன்கட்டை ஒன்று, நடுவில் இரும்பு. எங்களுடையது வால்நட் கட்டை. அப்பா காலமான பிறகு லைசென்ஸ் என் பெயருக்கு மாறியது. நான் இதை வைத்திருப்பது அவர் கைபட்ட பொருள் என்பதால்தான். பின்கட்டையில் அவர் கன்னம் பதிகிற இடம் மட்டும் தனியாக மினுங்கும். அந்த இடம் கெட்டுப்போய்விடக் கூடாது என்ற கவலையில்தான் இவ்வளவும் கற்றுக்கொண்டேன்.

அப்பா இருந்தவரை வருஷத்துக்கு ஒரு முறை எண்ணெய் போட்டு உள்ளங்கையால் தேய்ப்பார். ராணுவத்தில் பழகிய பழக்கம். பிரிட்டிஷ் காலத்திலிருந்தே லீ என்ஃபீல்டு கட்டைகளுக்கு லின்சீட் ஆயில்தான். அவருக்குப் பிறகு நான் செய்த முதல் காரியமே தப்பாகிப் போனது. 2018இல், பளபளப்பாக இருக்கட்டுமே என்று, மரச்சாமான் பாலிஷ் போடுகிற ஒருவரிடம் கட்டையை மட்டும் கழற்றிக் கொடுத்தேன். பாலியூரித்தேன் வார்னிஷை ஸ்பிரே அடித்துக் கொடுத்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. மேலே தண்ணீர் விட்டால் உருண்டு ஓடியது. இனிமேல் கவலை இல்லை என்று நினைத்தேன்.

2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் வந்தது. வழக்கம்போல லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். நல்ல மழை நாள். ரெக்ஸின் உறையில் போட்டு, பைக்கில் நனைந்துகொண்டே கொண்டுபோய் ஒப்படைத்தேன். உறையைத் துடைக்கவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. ஜனவரியில் திரும்ப வாங்கி வந்து திறந்தபோது முதலில் வந்தது பூஞ்சை வாடை. வார்னிஷுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பின்கட்டையின் கோடியில் இரும்புத் தகடு உட்காருகிற ஓரத்தில் வார்னிஷ் செதிலாக உரிந்து வந்தது. முன்கட்டை ஊதி, குழலை ஒரு பக்கமாக நெருக்கியது. குழலை மரம் நெருக்கினால் குறி தப்பும் என்று அப்பா சொல்வார். முன்கட்டையைக் கழற்றிப் பார்த்தால், மரம் மறைத்திருந்த இடத்தில் குழலின் அடியில் துரு. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்படி நனைந்த கட்டை கையில் இருந்தால் வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். மரத்தின் வெளிப்பக்கம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், நடுவில் வெடிப்பு விழும். நான் பட்டாலைக் கூடத்தில், காற்று வருகிற நிழலில், இரண்டு செங்கல் மேல் கட்டைகளை வைத்து மாதக்கணக்கில் விட்டுவிட்டேன். அப்புறம் ஊரடங்கு வேறு வந்துவிட்டது. மரம் காய்வதற்கு அது நல்லதாகவே போயிற்று.

ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும் எங்கள் பக்கத்து ஆசாரியைப் பார்க்கப் போனேன். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் கதவு, தூண் வேலையெல்லாம் பார்த்தவர். மரத்தை மட்டும்தான் எடுத்துப் போனேன். துப்பாக்கியை ரிப்பேர் பார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும். இரும்புப் பாகத்தை வீட்டுப் பீரோவில் பூட்டிவிட்டு, கட்டையை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். இதை யாரும் மாற்றிச் செய்ய வேண்டாம்.

ஆசாரி கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பளபளப்பை அவர் பார்க்கவே இல்லை. தகடு உட்காருகிற கோடியில் நகத்தால் கீறினார். மரம் மாவாக வந்தது.

"தம்பி, மூஞ்சிக்குப் பூசிட்டு வாயத் தெறந்து வச்சிருக்கீகளே" என்றார்.

பிறகு அவர் வேலை செய்துகொண்டிருந்த வீட்டுக்குள் கூட்டிப் போனார். முற்றத்துச் சாரல் அடிக்கிற பக்கம் ஒரு உள் கதவு. மேலே பார்த்தால் ஒரு குறையும் இல்லை, பெயிண்ட் நன்றாக இருந்தது. ஆனால் கதவின் நிலைச்சட்டம் தரையைத் தொடுகிற அடிப்பக்கம் ஒரு முழத்துக்கு இற்றுப்போயிருந்தது. மரத்தை நீளவாக்கில் பார்த்தால் ரேகை தெரியும், குறுக்கே அறுத்தால் ஊசித் துளையாகத் தெரியும். மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஏறிய குழாய்கள் அவை. செத்த பிறகும் அந்த வழியாகத்தான் தண்ணீர் ஏறும். அதைத்தான் அவர் வாய் என்கிறார். முகப்புத் தூண்கள் பர்மா தேக்கு, அந்த மரத்துக்குள்ளேயே எண்ணெய் இருக்கிறது, அதனால் தாங்குகின்றன. வால்நட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

துப்பாக்கிக் கட்டையில் இந்த வாய்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இருக்கின்றன. பின்கட்டையின் கோடியில் தகடுக்கு அடியில் ஒன்று. பின்கட்டை இரும்போடு சேர்கிற முன் நுனியில் ஒன்று. முன்கட்டையின் மூக்கு. திருகு போகிற துளைகள், குழல் படுக்கிற பள்ளம். எனக்கு ஸ்பிரே அடித்தவர் வெளியே தெரிகிற பக்கத்தில் மட்டும் அடித்திருந்தார். தகடுக்கு அடியில் மரம் பச்சையாக இருந்தது. தண்ணீர் அந்த வழியாக உள்ளே போய்விட்டது, வெளியே வர முடியாமல் வார்னிஷ் மூடிக்கொண்டது. வார்னிஷ் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக எல்லாப் பக்கமும் போட்டால் எண்ணெயை விட அது தண்ணீரை நன்றாகவே தடுக்கும். ஆனால் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தெரியாமல் சரிசெய்வது கஷ்டம், பெரும்பாலும் மொத்தமும் உரிக்க வேண்டியிருக்கும். எண்ணெயில் கீறல் விழுந்தால் விரலில் நாலு சொட்டு எடுத்துத் தேய்த்தால் முடிந்தது.

சரி, எண்ணெய்க்கு வருகிறேன். காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகி மரத்துக்குள்ளேயே உறைகிற குணம் அதற்கு உண்டு. தேங்காய் எண்ணெய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் அந்தக் குணம் கிடையாது. அவை எத்தனை வருஷமானாலும் எண்ணெயாகவே இருக்கும், தூசியைப் பிடித்து வைக்கும், சிக்கு வாடை வரும். "தேங்கா எண்ணெய் தடவு, மரத்துக்கு நல்லது" என்று எனக்குச் சொன்னவர்கள் பலர். துப்பாக்கிக் கட்டைக்கு வேண்டவே வேண்டாம். சமையலுக்கு விற்கிற ஆளி விதை எண்ணெயும் வேண்டாம். அது பச்சை எண்ணெய், காய்வதற்கு நாட்கணக்காக, சில சமயம் வாரக்கணக்காக ஆகும். டின்னில் 'பாயில்டு' என்று போட்டிருப்பதில் சீக்கிரம் காய்வதற்கான உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். அதனால் அது சாப்பிடுகிற பொருள் இல்லை. அடுப்படிப் பக்கமே வைக்காதீர்கள்.

வேலையை ஆவணியில் செய்தேன். இதுதான் இந்தப் பொருளைப் பற்றி நான் சொல்கிற முக்கியமான சங்கதி. மழை தொடங்கிய பிறகு ஐப்பசியில் எண்ணெய் போட்டால் காயாது. விரல் வைத்தால் ஒட்டும், அந்த ஒட்டலில் பூஞ்சை பிடிக்கும். ஆடி, ஆவணி வெயிலில் முடித்து, புரட்டாசியில் ஆறவிட வேண்டும்.

பழைய வார்னிஷை ரிமூவர் போட்டு எடுத்தேன். அப்பாவின் கன்னம் பட்ட இடத்தில் மட்டும் உப்புத்தாளை வைக்கவில்லை, துணியால் துடைத்ததோடு சரி. மற்ற இடங்களில் 220 நம்பர் உப்புத்தாள், பிறகு 320, கடைசியாக நைசான 400. நடுவில் ஆசாரி ஒன்று சொல்லிக்கொடுத்தார். ஈரத் துணியால் மரத்தை ஒரு முறை துடைத்துக் காயவிட வேண்டும். மரத்தின் மயிர் எழும்பி நிற்கும். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால், பிறகு மழை பட்டாலும் சொரசொரப்பாகாது. இதைச் செய்யாமல் எண்ணெய் போட்டால் முதல் மழையில் கட்டை சாக்குப்பை மாதிரி ஆகிவிடும்.

முதல் கையில், அதாவது முதல் பூச்சில், எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. இளகலாக இருந்தால் ஆழமாக இறங்கும். அந்த வாய்களில் முதலில் வைத்தேன். வைக்க வைக்கக் குடித்தது! பின்கட்டையின் கோடியைத் தலைகீழாக நிறுத்தி, பிரஷால் தொட்டுத் தொட்டு, இனிமேல் வேண்டாம் என்று எண்ணெய் மேலே நிற்கிற வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. திருகுத் துளைகளுக்குள் குச்சியில் துணி சுற்றி விட்டேன். அப்புறம்தான் வெளிப்பக்கம். மேலே மெலிதாகப் பூசி, இருபது நிமிஷம் கழித்து, மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் பிசினாகக் கட்டிக்கொள்ளும். அடுத்த கை ஒரு நாள், மேகம் போட்டிருந்தால் இரண்டு நாள் கழித்து. எட்டுக் கை போட்டேன். மூன்றாவது கைக்குப் பிறகு தனி எண்ணெய்தான், உள்ளங்கையாலேயே தேய்த்தேன். சூடு ஏறுகிற அளவுக்குத் தேய்த்தால் மரத்தில் இறங்குவது கைக்கே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். குவியலாக இருந்தால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் துணி தானே தீப்பிடிக்கும். இரண்டாம் நாள் நான் நாலைந்து துணியை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து தொட்டால் இட்லித் துணி மாதிரிச் சுட்டது. மரம் நிறைந்த வீடு. உடனே தண்ணீரில் முக்கினேன். அதிலிருந்து ஒவ்வொரு துணியையும் கொல்லையில் வேலிக் கம்பியில் விரித்துப் போட்டு, விறைத்த பிறகுதான் குப்பையில் போடுகிறேன்.

எட்டாவது கைக்குப் பிறகு மூன்று வாரம் சும்மா விட்டேன். பிறகு மெழுகு. தேன்மெழுகைக் கொதிக்கும் தண்ணீருக்குள் வேறொரு கிண்ணத்தில் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து, வெளியே எடுத்து வந்த பிறகே டர்பன்டைன் சேர்க்க வேண்டும். டர்பன்டைன் தீப்பற்றும். ஆறினால் வெண்ணெய்ப் பதத்தில் இருக்கும். மெலிதாகப் பூசி, பழைய வேட்டித் துணியால் துடைத்தால் போதும். தகடுக்கு அடியிலும் குழல் பள்ளத்திலும் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். சொட்டுத் தண்ணீரை நிறுத்துவது மெழுகுதான். எண்ணெய் மட்டும் போட்ட மரம் சாரலைத் தாங்கும், நேரடி மழையைத் தாங்காது.

இனி பலன். 2021 ஐப்பசிக் கடைசியில் லைசென்ஸ் வேலையாகத் துப்பாக்கியோடு சிவகங்கை போக வேண்டியிருந்தது. எங்கள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அந்த வருஷம் மழை எப்படிப் பெய்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். உறைக்குள் தண்ணீர் போய்விட்டது. வீடு வந்ததும் உறையை எடுத்துவிட்டு, துடைத்து, அன்றைக்கே தகடைக் கழற்றிப் பார்த்தேன். மெழுகின் மேல் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. துணியை ஒற்றியதும் அடியில் மரம் நிறம் மாறாமல் இருந்தது. முன்கட்டைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிற இடைவெளி விட்டிருந்தோம். அன்றைக்கும் தாள் தடையில்லாமல் போய் வந்தது. ஐந்து மழைக்காலத்தில் ஒரு முறைகூட அது சிக்கவில்லை. பின்கட்டைத் திருகும் தளரவில்லை. மரம் ஊதும்போது இரும்போடு நெருங்கி நசுங்கும், காய்ந்த பிறகு பழைய அளவுக்கு வராமல் ஆட்டம் கொடுக்கும். ஊதாமல் இருந்தால் ஆட்டமும் இல்லை.

குறைகளும் உண்டு, சொல்லத்தான் வேண்டும். முதல் குறை, பொறுமை. ஆவணி முதல் தேதி தொடங்கிய வேலை புரட்டாசி நடுவில்தான் முடிந்தது. அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது. இரண்டு, நிறம். வருஷம் ஆக ஆகக் கட்டை கறுத்துக்கொண்டே வருகிறது. எனக்கு அது பிடிக்கும், வெளிர் நிறம் வேண்டும் என்பவர்களுக்குப் பிடிக்காது. மூன்று, காற்றிலிருக்கும் ஈரத்தை இது தடுப்பதில்லை, மெதுவாக்குகிறது, அவ்வளவுதான். அதனால் ஒரு முறை போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. ஒவ்வொரு ஆவணியிலும் ஒரு கை எண்ணெய், ஒரு கை மெழுகு. நாலு, பூஞ்சை. சோதித்துப் பார்ப்பதற்காக இதே எண்ணெய் போட்ட ஒரு மரத்துண்டை, மெழுகு வைக்காமல் முற்றத்தில் மழையிலேயே போட்டிருந்தேன். மார்கழிக்குள் கரும்புள்ளி பிடித்துவிட்டது. வெளியிலேயே கிடக்கிற சாமானுக்கு லின்சீட் சரிப்படாது. ஐந்து, டின். பாதி காலியானதும் உள்ளே காற்றுப் பட்டு ஏடு படிந்துவிடும். சின்ன பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி வைத்துக்கொண்டால் வீணாகாது.

டங் ஆயில் (டங் மரத்து விதை எண்ணெய்) நல்லது என்பார்கள், அது உண்மைதான். லின்சீட்டை விட அது தண்ணீரைத் தாங்கும். ஆனால் விலை கூடுதல். அதோடு 'டங் ஆயில் ஃபினிஷ்' என்று எழுதி வருகிறவற்றில் பல, வார்னிஷும் தின்னரும் கலந்தவை. வாங்குவதென்றால் சுத்தமான எண்ணெய்தானா என்று லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வைக்கிற இடத்தையும் மாற்றினேன். முன்பு வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் சுவரை ஒட்டிய இரும்பு பீரோ. மழைக்காலத்தில் அந்தச் சுவரில் கை வைத்தாலே குளிரும். இப்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது. உறை போடுவதில்லை, ரெக்ஸினோ தோலோ, உறைக்குள் ஈரம் தங்கும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாதம் ஒரு முறை மாற்றுகிறேன். துப்பாக்கியைக் குழல்வாய் கீழே, கட்டை மேலே இருக்கும்படி சாய்க்கிறேன். நேராக நிறுத்தினால் இரும்புக்குப் போட்ட எண்ணெய் இறங்கிக் கட்டையின் நுனியில் ஊறும். அந்த எண்ணெய் உறையாது, மரத்தை மென்மையாக்கிவிடும். தோட்டாக்களுக்கு வேறு பூட்டு, வேறு சாவி.

போன ஆவணியில் வழக்கம்போலத் தகடைக் கழற்றினேன். 2020இல் மாவாக உதிர்ந்த இடத்தைச் சுரண்டி எடுத்தபோது விழுந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. நகத்தால் கீறிப் பார்த்தேன். நகம்தான் வழுக்கியது. கட்டையைத் துண்டில் சுற்றி எடுத்துப் போய் ஆசாரியிடம் காட்டினேன். கோடியைத் தடவிப் பார்த்தார், மோந்து பார்த்தார். கட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அந்த எண்ணெய்ல மிச்சம் இருந்தா ஒரு பாட்டில் குடுங்க தம்பி, இங்கன ஒரு கதவு இருக்கு" என்றார்.